மாமாவின் விரதமும் என் ஓட்ஸ் உருண்டையும்

கடையில் மார்ஷ்மெல்லோ அடுக்கியிருக்கும் தட்டைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. வெள்ளையும் ரோஸுமாக, ஒன்றும் தெரியாத பாப்பாக்களைப்போல் பிளாஸ்டிக் பொட்டலத்துக்குள் உட்கார்ந்திருக்கும். செய்வதையெல்லாம் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிற அழகைப் பார் என்று தோன்றும். என்னோடு கடைக்கு வருகிறவர்கள், ஒரு மிட்டாய்மேல் இவளுக்கு எதற்கு இத்தனை வன்மம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

அப்போது எனக்குப் பத்து வயது நிறையப் போகிற சமயம். கிள்ளானில் ஒரு தாமான் குடியிருப்பில் வரிசை வீடு. அப்பா, அம்மா, நான், அம்மாவின் தம்பியான சின்ன மாமா என்று நான்கு பேர். மாமா தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். எனக்கு ஏழு வயதில் அம்மாவுக்கு வயிற்றில் பெரிய ஆபரேஷன் நடந்தது. அக்கா எழுந்து நடந்துவிட்டால் மூன்று வருடம் பத்துமலைக்குக் காவடி எடுக்கிறேன் என்று மாமா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே வேண்டிக்கொண்டாராம். அம்மா எழுந்து நடந்தாள். நடந்ததோடு நிற்காமல் முன்னைவிட அதிகமாக என்னை அதட்டவும் ஆரம்பித்தாள். வேண்டுதல் பலித்ததில் யாருக்கும் சந்தேகமில்லை.

காவடி எடுத்தது மாமா ஒருவர். விரதம் இருந்தது வீடு முழுக்க. இதில் என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தைப்பூசத்துக்கு முந்தைய நாற்பத்தெட்டு நாளும் வீட்டில் மீன் இல்லை, முட்டை இல்லை, கோழி இல்லை. பக்கத்து வீட்டு மெதடிஸ்ட் ஆன்டி கிறிஸ்மஸுக்குக் கொண்டுவரும் கோழி பிரியாணி எங்கள் கேட்டோடு திரும்பிப் போகும். ஜனவரியில் வரும் என் பிறந்தநாளும் அந்த நாற்பத்தெட்டுக்குள்தான் விழுந்து தொலைக்கும். எட்டாவது பிறந்தநாளும் ஒன்பதாவது பிறந்தநாளும் சாம்பாரோடு முடிந்தன. பத்தாவதும் அப்படித்தான் போகும், ஆனால் அதோடு மூன்று வருடம் முடிந்தது, பதினொன்றாவதுக்கு முழுக் கோழியைப் பொரித்து உன் முன்னால் வைக்கிறேன் என்று அம்மா வாக்குக் கொடுத்திருந்தாள்.

அந்த மூன்றாவது வருடம் மாமா மிகவும் சோர்ந்துபோனார். ஒருவேளைதான் சாப்பாடு. அதோடு ஷிஃப்ட் வேலை. ஒருநாள் தலை சுற்றி, ஃபோர்க்லிஃப்டைத் தூணில் இடிக்கப் பார்த்ததாக அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. எனக்குப் பகீரென்றது. மாமாமேல் வந்த பாசத்தால் என்று சொன்னால் அது பொய். அவர் மயங்கி விழுந்து இந்த வருடம் காவடி தவறிப்போனால், மூன்றாவது வருடம் நான்காவது வருடத்துக்குத் தள்ளிப்போகும். அப்புறம் என் கோழி என்னாவது?

பள்ளி விடுமுறை. டேப்லெட்டைத் தட்டிக்கொண்டிருந்தபோது ஒரு வீடியோ வந்தது. ஒரு பெண் அடுப்பே பற்ற வைக்காமல் ஓட்ஸ், பேரீச்சம்பழம், கடலை வெண்ணெய், தேன் எல்லாவற்றையும் பிசைந்து உருட்டி ஃப்ரிட்ஜில் வைத்தாள். உடம்புக்கு நல்லதாம், பசி தாங்குமாம். நான் அடுப்பைத் தொடக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். இதில் அடுப்பே கிடையாது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது. விரதக்காரர் நடுவில் பாலும் பழமும் அவலும் சாப்பிடலாம் என்றால், அவலுக்குத் தங்கச்சி முறையான ஓட்ஸும் ஆகும்தானே? அம்மாவும் சரியென்றாள்.

அந்தப் பெண் உருட்டியபோது கோலிக்குண்டு மாதிரி உட்கார்ந்தது. நான் உருட்டினால் மணல் மாதிரி உதிர்ந்தது. தேனை ஊற்றினேன், கையில் ஒட்டியதே தவிர ஒன்றோடொன்று ஒட்டவில்லை. காய்ந்த பேரீச்சம்பழத்தை வெந்நீரில் ஊறவைத்து அரைத்தால்தான் பிடிக்கும் என்று எனக்கு இப்போது தெரியும். அதை அந்தப் பெண் சொல்லவேயில்லை. சிரிப்பதற்கு அவளுக்கு நேரம் இருந்தது, இதைச் சொல்ல இல்லை. அடுத்த வீடியோவில் இன்னொருத்தி வழி காட்டினாள்: மார்ஷ்மெல்லோவை வெண்ணெயோடு மைக்ரோவேவில் உருக்கி ஊற்றினால் கல் மாதிரி பிடிக்கும். மைக்ரோவேவ் அடுப்பில் சேராது என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

முனைக் கடைக்குப் போய் ஒரு பொட்டலம் வாங்கினேன். என்னை ஒன்றும் யோசிக்காத பிள்ளை என்று நினைத்துவிடக் கூடாது. பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்துத்தான் வாங்கினேன். ஹலால் முத்திரை பளிச்சென்று இருந்தது. ஹலால் என்றால் பன்றி இல்லை. பன்றி இல்லையென்றால் கறியே இல்லை, கறி இல்லையென்றால் சைவம். அந்த வயதில் என் கணக்கு அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. முத்திரைக்குப் பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்த எழுத்துகளைப் படிக்க எனக்குப் பொறுமை இல்லை.

உருண்டை அருமையாகப் பிடித்தது. மார்ஷ்மெல்லோ சேர்த்ததை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. உடம்புக்கு நல்லது என்று ஊரெல்லாம் பெருமையடித்துவிட்டு மிட்டாய் போட்டேன் என்று எப்படிச் சொல்வது? பொட்டலத்தை அரிசித் தொட்டிக்குப் பின்னால் செருகி வைத்தேன். தினமும் ஐந்து உருண்டை, ஒரு பழைய பிஸ்கட் டின்னில் மாமாவோடு வேலைக்குப் போகும். டின் காலியாகத் திரும்பி வரும். எப்படி மாமா என்று கேட்பேன். "சூப்பர்லா பாப்பா. இன்னிக்கு உப்பு கொஞ்சம் தூக்கல்" என்பார். அன்று நான் உப்பை ஒரு சிட்டிகை கூடத்தான் போட்டிருப்பேன். இன்னொரு நாள் பல்லில் ஒட்டுகிறது என்றார். மார்ஷ்மெல்லோவைக் குறைத்தேன். ஒரு மாதம் இப்படி ஓடியது. மாமாவுக்குத் தலைசுற்றலும் நின்றது.

தைப்பூசத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து அத்தை வந்தார். அப்பாவின் அக்கா. சர்க்கரை வியாதி வந்ததிலிருந்து எந்தப் பொட்டலத்தைக் கண்டாலும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்கிற பழக்கம் அவருக்கு. எங்கள் வீட்டு அரிசித் தொட்டிக்குப் பின்னால் கைவிட வேண்டிய அவசியம் என்ன வந்தது என்று நான் இன்றும் கேட்கிறேன். காலிப் பொட்டலத்தோடு அவர் ஹாலுக்கு வந்தபோது, அப்பா காவடிக்கு மயிலிறகு கட்டிக்கொண்டிருந்தார். என்னிடம் இரண்டே கேள்விதான் கேட்டார்கள். நான் உண்மையைச் சொன்னேன்.

"தம்பி, என்னா போட்டிருக்குன்னு படிச்சுப் பாரு. ஜெலட்டின், லெம்பு. மாலை போட்டவனுக்கு மாட்டைக் குடுத்திருக்கா உம் பொண்ணு."

லெம்பு என்றால் மாடு என்று தெரியாத பிள்ளை கிள்ளானில் கிடையாது. மிட்டாய்க்குள் மாடு எதற்கு வந்தது என்றுதான் எனக்குப் புரியவில்லை. நான் பிள்ளையார் பிடிக்கத்தான் போனேன், அது குரங்காக முடிந்தால் நான் என்ன செய்வேன்? அத்தை அதோடு விட்டாரா? வேண்டிக்கொண்டது யாருக்காக, விரதம் கெட்டால் அது யார் தலையில் விடியும் என்று அம்மாவைப் பார்த்துக்கொண்டே கேட்டார். அம்மா புடவைத் தலைப்பால் வயிற்றை மூடிக்கொண்டு நின்றாள். மூக்கில் குழாயோடு அம்மா படுத்திருந்த அந்தக் கட்டில் கண்ணுக்குள் வந்தது. பத்து வயதுப் பிள்ளையிடம் அப்படி ஒரு பேச்சைப் பேசிய அத்தையை நான் மன்னிக்கவில்லை. இப்போதும் இல்லை.

சத்தம் கேட்டு மாமா அறையிலிருந்து வந்தார். பொட்டலத்தை வாங்கி நிதானமாகப் படித்தார். அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நான் ஒண்ணுகூட சாப்பிடலக்கா. எல்லாத்தையும் ஃபேக்டரி பையனுங்களுக்குக் குடுத்துட்டேன்."

"மாலையத் தொட்டுச் சொல்லு."

"மாலை போட்டவன்கிட்ட சத்தியம் கேக்கக் கூடாதுக்கா. தப்பு."

அத்தை அதோடு விட்டுவிட்டார். மாலைக்கு அவ்வளவு மரியாதை. முருகா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றினார். அம்மா மட்டும் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எனக்கு உயிர் திரும்பி வந்தது. அம்மாவுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அந்த நிம்மதி எனக்கு ஐந்து நிமிடம்கூட நிலைக்கவில்லை. ஒரு மாதம்! உள்ளங்கையில் வெண்ணெய் தடவி, சூடு ஆறுவதற்குள் விரல் சிவக்க உருட்டியது நான். தின்றது முகம் தெரியாத ஃபேக்டரி பையன்கள். உப்பு தூக்கலாம், பல்லில் ஒட்டுகிறதாம், என்ன நடிப்பு! பெரியவர்கள் இவ்வளவு கூசாமல் பொய் சொல்வார்கள் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். மாமாவின் அறைக் கதவுக்கு முன்னால் நின்று, நீங்கள் ஒரு பொய்க்காரர் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் மறுக்கவும் இல்லை.

அன்று சாயங்காலம் மாமா குளியலறைக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மீதி ஒரு வாரமும் பாலும் வாழைப்பழமும் மட்டும்தான். பாயையும் சுருட்டி வைத்துவிட்டு வெறும் சிமெண்டுத் தரையில் படுத்தார். என்னை ஏமாற்றியதற்கு மனசு உறுத்துகிறது, நன்றாக உறுத்தட்டும் என்று நினைத்துக்கொண்டேன். பத்துமலையில் அவர் காவடியோடு படியேறியபோது எல்லோரும் வேல் வேல் என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. கீழே இறங்கியதும் மாலையைக் கழற்றினார். மூன்று வருடம் முடிந்தது.

அடுத்த டிசம்பர் வந்தது. என் பதினொன்றாவது பிறந்தநாளுக்கு வகுப்பில் நான்கு பேரை அழைத்துவிட்டேன், கோழி உண்டு என்று சொல்லித்தான் அழைத்தேன். ஒருநாள் காலையில் மாமா கோயிலிலிருந்து வந்தார். கழுத்தில் மாலை.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. அன்று நான் போட்ட சத்தத்தைத் தாமானே கேட்டிருக்கும். மூன்று வருடம்தானே வேண்டிக்கொண்டாய், இது எதற்கு என்று அத்தையே தொலைபேசியில் கேட்டார். ஒரு தடவை கூடப் போனால் முருகன் கோபித்துக்கொள்வாரா என்று மாமா சிரித்தார். எல்லோரும் மெச்சிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே காவடி எடுக்கிறார் என்று நான் முடிவுகட்டினேன். அதை அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

அவர் அந்தப் பழைய பிஸ்கட் டின்னைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "இந்த வருஷம் உருண்டை இல்லையா பாப்பா? வெறும் பேரீச்சம்பழம் போட்டே செய்யி, மாமா அரைச்சுத் தரேன். கடைசியா எள்ளு போட்டியே, அது நல்லா இருந்துச்சுலா."

"நீங்கதான் ஒண்ணுகூட சாப்பிடலையே."

மாமா டின்னின் மூடியைக் கொஞ்ச நேரம் திருகிக்கொண்டிருந்தார்.

"பையனுங்க சொன்னாங்க" என்றார்.

நான் அதையும் நம்பினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, அந்த வருடம் அவருக்கு ஓர் உருண்டைகூட உருட்டித் தர மாட்டேன் என்று சொன்னேன். சொன்னபடியே செய்தேன். என் பிறந்தநாளுக்குக் கோழி இல்லாமல் போன ஆத்திரத்தில், அந்த நான்காவது காவடி யாருக்காக என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.