கேள்வி கேட்டவரும் வரிசையில் உட்கார்ந்தார்

சோப்புத் தொழிற்சாலையை மூடியதும், அங்கே சரக்குக் கணக்குப் பார்த்த கிடங்குக்காரம்மா வேலை தேடப் புறப்பட்டாள். நாற்பதைத் தாண்டி நேர்காணலுக்குப் போவது இதுவே முதல் தடவை. அட்டைப்பெட்டிக் கம்பெனி ஒன்று கூப்பிட்டிருந்தது. போனால், அங்கே ஒரு சுற்று இல்லை, சுற்றோ சுற்று!

முதல் சுற்றில், டை கட்டிய இளம் அதிகாரி கேட்டார். "அஞ்சு வருஷம் கழிச்சு உங்கள நீங்க எங்க பாக்குறீங்க மேடம்?"

"நீங்க எடுத்துக்கிட்டா இங்கதான் தம்பி. இல்லேன்னா வீட்ல."

அடுத்த சுற்றில் மரம் வரையச் சொன்னார்கள். வரைந்ததை அதே அதிகாரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மரத்துல இலையே இல்லையே. மனசுல ஏதாவது கவலையா?"

"நீங்க குடுத்த பென்சில் முனை ஒடிஞ்சிடுச்சு தம்பி. இலை வரைய எங்க போறது?"

மூன்றாம் சுற்றுக்கு மேலாளர் வரவேயில்லை. மதியம் வரை உட்கார வைத்துவிட்டு, "சொல்லி அனுப்புறோம்" என்று அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் அவள் புருஷன் தையல்காரர். போன் மணி அடிக்கும்போதெல்லாம் மெஷினை நிறுத்திவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு உட்காருவார். அத்தனையும் கடன் வேணுமா என்று கேட்கிற அழைப்புகள். "இவனுங்களுக்கு மட்டும் நம்ம நம்பர் மறக்கவே மாட்டேங்குது" என்று சலித்துக்கொள்வார்.

அப்புறம் ஒரு மருந்துக் கிடங்கில் கூப்பிட்டார்கள். நடைவழி நாற்காலியில் அவள் உட்கார்ந்ததும், பக்கத்தில் இருந்தவர் கோப்பால் முகத்தை மறைத்துக்கொண்டார். எட்டிப் பார்த்தால், அதே டை அதிகாரி!

"தம்பி, நீங்களா? ஆமா, என் விஷயம் என்னாச்சு?"

அவர் நெளிந்தார். "உங்களத்தான் எடுக்கணும்னு எழுதிக் குடுத்தேங்க்கா. மறுநாளே என்னை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அப்புறம் அதை யார் பாத்தாங்களோ!"

மேடம் அக்காவாகிவிட்டதை அவள் கவனித்தாள். அவர் டையைத் தளர்த்தித் தளர்த்தி இறுக்குவதையும் கவனித்து, தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். பாதியைக் காலி செய்துவிட்டு உள்ளே போனவர், போன வேகத்திலேயே முகம் வெளிறித் திரும்பினார்.

"என்ன கேட்டாங்க?"

"அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பேன்னு கேட்டாங்கக்கா. நாக்கு ஒட்டிக்கிச்சு."

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டுதான் உள்ளே போனாள். முதலாளியம்மா அவளுடைய அனுபவத்தை விசாரித்தார், சம்பளம் பேசினார். "திங்கட்கிழமை வந்துடுறீங்களா?" என்றார். அவ்வளவுதான்.

வாசல்வரை வந்தவளுக்கு மனம் கேட்கவில்லை. திரும்பினாள்.

"இப்ப வந்துட்டுப் போனாரே, அந்தத் தம்பிய இன்னொரு தடவ கூப்பிடுங்கம்மா. கேள்வி கேட்டே பழகினவரு, பதில் சொல்லிப் பழக்கமில்ல. ஆனா ஆளைச் சரியா எடை போடுவாரு."

"எப்படிச் சொல்றீங்க?"

"போன கம்பெனியில என்னை எடுக்கணும்னு எழுதினவரு அவருதான்."

முதலாளியம்மா சிரித்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை கிடங்கு வாசலில் அவளுக்கு முன்பே வந்து நின்றிருந்தார் அவர். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அக்கா, இங்க கழிப்பறை எந்தப் பக்கம்?" என்றார்.

"எனக்கும் இன்னைக்குத்தான் முதல் நாள் தம்பி. வாங்க, தேடுவோம்" என்று முன்னால் நடந்தாள்.