துரையின் ராட்டையும் என் விளக்கெண்ணெயும்

என் வீட்டுக்காரர் இறந்த அன்று, துக்கம் கேட்க வந்த ஒருவர் பந்தலில் உட்கார்ந்துகொண்டு, "வெள்ளக்கார தொரையோட தூண்டி மிசினையே அக்குவேறு ஆணிவேறா கழட்டி மாட்டுன மனுசனாச்சே" என்றார். எனக்கு அழுகை நின்றுவிட்டது. அந்த மிஷினுக்கு என் வீட்டுக்காரர் தன் கையால் எண்ணெய் போட்டது ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளைப் பற்றி இத்தனை வருஷம் நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. இனி யாருக்குப் பயப்பட வேண்டும்?

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. கொள்ளிடக் கரைகளை மேற்பார்க்கும் இஞ்சினியர் துரை மாதம் இரண்டு தடவை திருமானூருக்கு வந்து பங்களாவில் தங்குவார். என் வீட்டுக்காரர் அந்தப் பங்களாவுக்குக் காவல்காரர். வேலை தற்காலிகம்தான். துரை மனது வைத்து மேலே எழுதினால் நிரந்தரமாகும். பங்களாவின் பின்புறம் ஓடு போட்ட ஒற்றை அறை எங்களுக்கு. அடுப்பு வைக்க ஒரு சாய்ப்பு, கிணறு, வேலியோரம் நான் போட்ட நாலு ஆமணக்குச் செடி.

வேலை போனால் நாங்கள் திரும்ப வேண்டிய இடம் வரதராஜன்பேட்டையில் மச்சாண்டார் வீடு, அவருடைய அண்ணன் வீடு. கல்யாணமாகி முதல் மூன்று வருஷம் அங்கேதான் இருந்தேன். ஓரகத்தி என்னை விடிந்ததும் முந்திரிக்கொட்டை உடைக்க உட்கார வைத்துவிடுவாள். அந்தத் தோட்டில் கசியும் பால் பட்ட இடமெல்லாம் வெந்துபோய்த் தோல் உரியும். சோற்றில் கை வைத்தால் எரியும். ஜெபமாலை உருட்டக்கூட விரல் மடங்காது. திருமானூர் வந்த பிறகுதான் என் விரல்களில் புதுத் தோல் வந்தது. அதனால் அந்த வேலை நிலைக்க வேண்டும் என்று அவரைவிட நான்தான் அதிகம் வேண்டிக்கொண்டேன்.

துரைக்கு மீன் பைத்தியம். ஆற்று மீன் அவருக்கு ஆகாது. கொள்ளிடம் கடலில் விழும் இடத்துக்கு மோட்டாரில் போய், இடுப்பளவு உப்புத் தண்ணீரில் நின்றுகொண்டு கொடுவா பிடிப்பார். முள்ளில் புழு குத்த மாட்டார், இறால் குத்த மாட்டார். கோழி இறகைப் பூச்சி மாதிரி முள்ளில் கட்டி, அதைச் சாட்டை சுழற்றுவது போல வீசுவார். இறகு என் சேவலுடையது. துரை வந்துபோகும் ஒவ்வொரு தடவையும் என் வெள்ளைச் சேவலின் கழுத்து கொஞ்சம் மொட்டையாகும். மீன் ஏமாறுவதற்கு என் சேவல் ஏன் குளிரில் நடுங்க வேண்டும் என்று கேட்டால், வீட்டுக்காரர் "சும்மா கெட" என்பார்.

தூண்டில் கழியின் அடியில் நூல் சுற்றிய சக்கரம் ஒன்று இருக்கும். துரை அதை ரீல் என்பார். நாங்கள் ராட்டை என்றோம். அதற்குள் வட்டமாக வெட்டிய தோல் வில்லை ஒன்று பித்தளைத் தட்டோடு உரசிக்கொண்டிருக்கும். வெளியே இருக்கும் திருகைத் திருகினால் தோல் தட்டை அழுத்தும். பெரிய மீன் இழுத்துக்கொண்டு ஓடும்போது நூலை விட்டும் விடாமலும் பிடித்துக்கொள்வது அந்தத் தோல்தான். பிடி அதிகமானால் நூல் அறுந்துவிடும். குறைந்தால் சக்கரம் தறிகெட்டுச் சுற்றி நூல் சிக்காகிவிடும்.

துரை ஒரு நாள் காலை வராந்தாவில் உட்கார்ந்து இதையெல்லாம் வீட்டுக்காரருக்குச் செய்து காட்டினார். முன்ஷி வைத்துப் படித்த தமிழ் அவருடையது. கோயிலில் சாமியார் பிரசங்கம் வைப்பது போலப் பேசுவார். "கடல் உப்பு இதற்குப் பகைவன். முதலில் நல்ல தண்ணீரால் கழுவு. நிழலில் உலர்த்து. தோலுக்கு ஆமணக்கெண்ணெய் ஊட்டி, மிகுந்ததைத் துடைத்துவிடு. கடைசியில் திருகைத் தளர்த்தி வை. இறுக்கியே வைத்தால் தோல் செத்துப்போகும்" என்றார். வீட்டுக்காரர் ஒவ்வொன்றுக்கும் "ஆகட்டுங்க தொரை" என்று தலையாட்டினார். நான் கதவுக்குப் பின்னால் பீங்கான் துடைத்துக்கொண்டே, இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே கேட்டேன். அவர் தலையாட்டியதற்கும் நான் கேட்டதற்கும் உள்ள வித்தியாசம் அடுத்த வாரமே தெரிந்துவிட்டது.

கடலுக்குப் போய் வந்த ராட்டையைத் துரை கொடுத்துவிட்டுப் போனதும் வீட்டுக்காரர் அதைக் கழற்ற உட்கார்ந்தார். மூடியைத் திறந்த மாத்திரத்தில் உள்ளே இருந்த சின்ன வில்கம்பி துள்ளி எங்கோ போய் விழுந்தது. அரை நாள் தேடினோம். கடைசியில் முறத்தில் கிடந்த அரிசிக்குள்ளிருந்து நான்தான் எடுத்தேன். அதற்குள் அவர், "போச்சுடி, வேல போச்சு" என்று சுவரில் சாய்ந்துவிட்டார். நான் ஏலாக்குறிச்சிப் பக்கத்துக்காரி, கன்னியர் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள். அங்கே லேஸ் பின்னப் பழகிய விரல் எனக்கு. ஒரு வேட்டித் துண்டை விரித்தேன். உப்புப் பூத்திருந்த ஒவ்வொரு சாமானையும் கழுவித் துடைத்து, துரை வைத்த வரிசையிலேயே வைத்தேன். தோலுக்கு எண்ணெய் தடவி, எல்லாவற்றையும் மாட்டி, திருகைத் தளர்த்தி அவர் கையில் கொடுத்தேன். சுற்றிப் பார்த்தார். சத்தமில்லாமல் சுற்றியது.

"தொரைகிட்ட மூச்சு விட்டுறாத," என்றார். "பொம்பள தொட்டான்னு தெரிஞ்சா அப்புறம் நம்மகிட்ட குடுக்கமாட்டாரு."

"நான் ஏங்க சொல்றேன்," என்றேன். நிஜமாகவே அப்போது எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

இரண்டு வருஷம் அப்படியே ஓடியது. சண்டையினால் கடையில் எதுவும் ஒழுங்காகக் கிடைக்காது. வேலியோரத்து ஆமணக்கு முத்தை வறுத்து, இடித்து, கொதிக்கவைத்து, மேலே மிதக்கும் எண்ணெயை வழித்து, துணியில் இரண்டு தடவை வடிகட்டிக் குப்பியில் வைப்பேன். குப்பிக்கு இடம் மாதா படத்தின் பின்புறம். யாரும் தலைக்குத் தடவித் தீர்த்துவிடக் கூடாதே என்றுதான் அங்கே வைத்தேன். துரை ஒவ்வொரு தடவையும் ராட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உன் கை பொன்னான கை" என்பாராம். வீட்டுக்காரர் சாப்பிடும்போது அதைச் சொல்வார். பொன்னான கை சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும். நான் குழம்பு ஊற்றுவேன்.

அந்த வருஷம் மார்கழியில் என் அம்மா காய்ச்சலாகக் கிடந்தாள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் நாலு நாள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னேன். "ராட்ட வந்தா வெளக்கெண்ண போடுங்க. குப்பி மாதா படத்துக்குப் பின்னாடி இருக்கு. தேங்காண்ண மட்டும் வேணாம், இந்தக் குளுருக்கு ஒறஞ்சிரும்." அவர் "ம்" என்றார். துரைக்கு ஆட்டிய அதே தலையை எனக்கும் ஆட்டினார்.

மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறையும் என்பது இந்த ஊரில் பால் குடிக்கும் குழந்தைக்கும் தெரியும் என்று நினைத்திருந்தேன். ஆனால் உறைந்த குப்பியைக் காலையில் எடுத்து வெயிலில் வைப்பது நாங்கள். ஆண்கள் தலையை நீட்டும்போது அது உருகியிருக்கும். கல்யாணத்துக்கு முன் அம்மா வைத்தாள், பிறகு நான் வைத்தேன். அவர் ஒரு நாளாவது உறைந்த எண்ணெயைப் பார்த்திருப்பாரா என்பதே எனக்குச் சந்தேகம்.

நான் போன மறுநாள் துரை வந்திருக்கிறார். ராட்டையைத் தயார் செய்யச் சொல்லிவிட்டு, வீட்டுக்காரரையும் உடன் வரச் சொல்லியிருக்கிறார். இவர் படத்தின் பின்னால் கை விட்டுப் பார்க்கவில்லை. உச்சி வெயிலில் உருகித் தண்ணீராக இருந்த தேங்காய் எண்ணெயைத் தோல் முழுக்க ஊற்றி, அச்சிலும் ஊற்றி மூடியிருக்கிறார். நன்றாகத்தான் சுற்றியிருக்கிறது. மறுநாள் விடியற்காலை, முகத்துவாரத்தில் பனி விழுந்துகொண்டிருக்கும்போது, துரை அதுவரை பார்க்காத கொடுவா ஒன்று இறகைக் கவ்வியது. ஓடப் பார்த்தது. ராட்டை அசையவில்லை. கழி வளைந்தது, நூல் பட்டென்று அறுந்தது.

இதெல்லாம் நான் திரும்பி வந்த அன்று வீட்டுக்காரரே சொன்னது. மூட்டையை இறக்கக்கூட விடாமல் சொன்னார். முகத்தில் சிரிப்பு.

"தொரை அங்கனயே ராட்டைய தொறந்து பாத்தாரு. உள்ள வெண்ண மாரி அப்பிக் கெடக்கு. 'இதை யார் செய்தது'ன்னு கேட்டாரு பாரு, எனக்கு ஈரக்கொல நடுங்கிருச்சு."

"என்ன சொன்னீங்க?"

"எம் பொண்டாட்டி தெரியாம எண்ணெய மாத்திப் போட்டுட்டாங்க தொரைன்னுட்டேன். ஒடனே சிரிச்சிட்டாரு. 'பெண்கள் கையில் கருவியைக் கொடுக்கலாமா'ன்னாரு. அவ்வளவுதான். வேல தப்பிச்சுது."

இரண்டு வருஷமாக என் கையை அவர் தன் கை என்று சொன்னார், அது எனக்கு வலிக்கவில்லை. இப்போது அவர் கையை என் கை என்று சொன்னதும் வலித்தது. நான் ஊரில் இல்லாததுகூடத் துரைக்குத் தெரியாது; அவர் காதில் என்னைப் பற்றி விழுந்த முதல் பேச்சே அதுதான்.

"அத்தன நாள் நான் செஞ்சப்ப எம்பேரு வாயில வரலியே," என்றேன்.

"ஒனக்கு வேல வேணுமா, பேரு வேணுமா? வரதராஜம்பேட்டைக்குப் போயி கொட்ட ஒடைக்கிறியா?"

என் விரல்களைப் பார்த்தேன். அவர் கேட்டது சரியான கேள்வி, அதுதான் கொடுமை. மூட்டையிலிருந்த அம்மா கொடுத்த முறுக்கை எடுத்து அவருக்கு வைத்தேன். அதையும் தின்றார்.

பொங்கல் கழிந்து துரை எழுதினார், வேலை நிரந்தரமானது. அதோடு ஒரு உத்தரவும் போட்டார். இனி ராட்டையை மனைவி தொடக்கூடாது. வீட்டுக்காரர் "தொட மாட்டாங்க தொரை" என்றார். அன்று மாலையே ராட்டையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நானும் உட்கார்ந்து பித்தளையைச் சுரண்டினேன், தோலில் ஊறிய சிக்கு எண்ணெயைத் துணியில் ஒற்றி ஒற்றி எடுத்தேன், விளக்கெண்ணெய் ஊட்டினேன். அடுத்த தடவை துரை சுற்றிப் பார்த்துவிட்டு, "பார், உன் மனைவியின் கை விலகியதும் எவ்வளவு நன்றாக ஓடுகிறது" என்றாராம். அதையும் அவர் சாப்பிடும்போதுதான் சொன்னார். அன்று நான் குழம்புச் சட்டியை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்துபோனேன். அவரே ஊற்றிக்கொண்டார்.

அப்புறம் சண்டை முடிந்தது. வெள்ளைக்காரர்கள் ஊருக்கு மூட்டை கட்டினார்கள். துரை கடைசியாக வந்தபோது ராட்டையை வீட்டுக்காரருக்கே பரிசாகக் கொடுத்தார். பொன்னான கைக்கு என்றார். நான் கும்பிட்டுக்கொண்டு ஓரமாக நின்றேன். மோட்டாரில் ஏறப் போனவர் என்னைத் திரும்பிப் பார்த்து, விரலை ஆட்டி, "அம்மா, நீ தொடக்கூடாது" என்று சிரித்தார். நல்ல மனுஷர்தான். வேடிக்கையாகத்தான் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், என் வீட்டுக்காரர் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தார்.

ராட்டை எங்கள் அறையில் மாடத்தில் ஏறியது. வருகிற போகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டுவார். காட்ட ஆள் குறைந்த பிறகு, கடைசியாகக் காட்டியபோது திருகை இறுக்கியபடியே வைத்துவிட்டார். நான் பார்த்தேன். தினமும் மாடத்தைத் துடைத்தேன், ராட்டையைச் சுற்றிலும் துடைத்தேன், அதை மட்டும் தொடவில்லை. ஒரு திருகு தளர்த்த எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு கோடை போனது.

புதிதாக வந்த இஞ்சினியர் நம்மவர். துரை கொடுத்த ராட்டையைப் பற்றிக் கேள்விப்பட்டு, கொண்டுவா பார்க்கலாம் என்றிருக்கிறார். வீட்டுக்காரர் எடுத்துச் சுற்றினார். சுற்றவில்லை. இரண்டு கையாலும் திருகினார். தோல் பித்தளையோடு ஒட்டிக் கல்லாகியிருந்தது. அடுப்படிக்கு வந்து என் முன்னால் நீட்டினார்.

"கொஞ்சம் என்னன்னு பாத்துக் குடேன். ஐயா காத்துக்கிட்டு இருக்காரு."

நான் முறத்தில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். "தொடக்கூடாதுன்னு தொரை சொல்லிட்டுப் போயிருக்காருங்க," என்றேன்.

அவர் வெளியே போய், பழைய சாமான், துரு ஏறிவிட்டது என்று இஞ்சினியரிடம் ஏதோ சொல்வது கேட்டது. விளக்கெண்ணெய்க் குப்பி மாதா படத்தின் பின்னால்தான் இருந்தது, பாதிக்கு மேல் நிறைந்து. எங்கே இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. முன்பே ஒரு தடவை சொல்லியாயிற்று.