பஞ்சாலைத் தொண்டை

ஊரே பெரியக்கா என்று கூப்பிடும் அந்தப் பெண்மணிக்கு மெதுவாகப் பேச வராது. பஞ்சாலையில் நூல் நூற்கும் இயந்திரங்களுக்கு நடுவே இருபத்தாறு வருடம் நின்றவர். அங்கே பக்கத்து ஆளிடம் "சாப்பிட்டியா?" என்று கேட்பதற்கே அடிவயிற்றிலிருந்து குரல் எடுக்க வேண்டும். ஆலையை மூடினார்கள், பதினோரு வருடம் புறாக்கள் குடித்தனம் நடத்தின. பிறகு யாருக்கோ நல்ல புத்தி வந்து, இடிக்காமல், சுவருக்கு வெள்ளையடித்து நூலகமாக்கினார்கள். ஊரிலேயே அதிகம் இரைந்த கட்டடத்தில் இப்போது தும்மினாலும் முறைத்தார்கள்.

எந்த ஜன்னல் மழைக்கு இறுகும், கூரை எங்கே ஒழுகும் என்பதெல்லாம் அத்துப்படி என்பதால் பெரியக்காவை மூன்று மாதம் சோதனை முறையில் உதவியாளராக எடுத்தார்கள். அலமாரிகளுக்கு நடுவே நடக்கும்போது, இல்லாத இயந்திரங்களை அவர் கால் தானாகச் சுற்றிக்கொண்டு போகும். வீட்டில் முடங்கிக் கிடந்த உடம்புக்கு இங்கே வந்ததும் உயிர் வந்தது. குரலுக்கும்தான்.

"அம்மா, கொஞ்சம் மெதுவா," என்பார் நூலகர்.

"மெதுவாத்தானே சார் பேசறேன்!"

வாசகர்கள் மொத்தமாகத் தலை நிமிர்வார்கள். இரண்டு புகார் வந்துவிட்டது. மூன்றாவது வந்தால் வேலை இல்லை என்று நூலகர் சொல்லிவிட்டார்.

ஒரு மத்தியானம் மின்சாரம் போயிற்று. மின்விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன. கூடம் முழுக்க ஒரு சத்தமும் இல்லை.

"யாரு கை? யாருக்கு என்னாச்சு?"

பெரியக்கா போட்ட கூச்சலில் ஒருவர் நாற்காலியோடு சாய்ந்தார். சாய்ந்தவர் எழுந்ததும் முதலில் கேட்டது புகார்ப் புத்தகத்தை.

பெரியக்கா சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தார். "நீங்க சொல்ல வேணாம் சார். நானே போறேன்."

"இருங்க. யாரு கைன்னு ஏம்மா கேட்டீங்க?"

"மில்லுல மெஷின் எல்லாம் ஒண்ணா நின்னா, எவளோ கையைக் குடுத்துட்டான்னு அர்த்தம் சார். அட்லஸ் அடுக்கியிருக்கீங்களே, அங்கதான் என் நாத்தனாருக்கு ரெண்டு விரல் போச்சு. சத்தம் இருந்தா எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு நிம்மதி."

நூலகர் அட்லஸ் அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். சட்டம் பேசுகிறவர், புகாரைக் கிழிக்கவில்லை. அதன் கீழேயே, நடவடிக்கை என்று போட்டு, பெரியக்காவைக் குழந்தைகள் பகுதிக்கு மாற்றி எழுதினார்.

"அங்க ஒருத்தரும் வாயை மூட மாட்டாங்க. ஒத்து வருமா?"

"கேக்கணுமா சார்!"

இப்போது நான்கு மணிக்குப் பள்ளி விட்டதும் அந்த அறையில் பிள்ளைகள் போடும் சத்தத்தில் கூரை பிய்த்துக்கொள்ளும். பெரியக்கா சுவரோரம் ஸ்டூலில் சாய்ந்து நிம்மதியாகக் கண் அயர்வார். வேலை நேரத்தில் தூங்குவதாக அவர்மேல் புதிதாக ஒரு புகார் வந்திருக்கிறது.