தவம் அண்ணையின் பயம்

வைத்தியர் என் நுரையீரல் படத்தில் ஏதோ நிழல் தெரிகிறது என்று சொன்ன நாளிலிருந்து தொலைபேசி அடித்தாலே எனக்கு நெஞ்சு பதறும். வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை காலை அழைத்தது வைத்தியர் அல்ல, மகள் அபி. “அப்பா, முதல்ல இருங்கோ,” என்றாள். கதிரையில் இருந்தேன். “தவம் மாமா போயிட்டார்.”

ஜேர்மனியில், இந்த எசன் நகரத்தில் தவம் அண்ணையை அறிந்த உங்களுக்கு அவருடைய பட்டப்பெயரும் தெரியும்: பயந்தாங்கொள்ளி. நானும் அவரும் ஒரே வெதுப்பகத்தில் மாவோடு மாரடித்தவர்கள். மனிதர் லிஃப்டில் ஏற மாட்டார். ஐந்தாம் மாடியில் வைத்தியரைப் பார்க்க டெர்மின் என்றாலும் படியேறி, மூச்சிரைக்கப் போய் நிற்பார். என் காரில் பக்கத்தில் இருந்துகொண்டு இல்லாத பிரேக்கை மிதிப்பார். நாங்கள் சிரித்தால் கோபிக்க மாட்டார். “பயமில்லாத பொடியள் எல்லாம் ஊர்ச் சண்டையிலயே போய்ச் சேர்ந்திட்டாங்கள். பயந்தபடியாத்தான் நான் இஞ்ச இருந்து தேத்தண்ணி குடிக்கிறன்,” என்பார். அதற்குப் பிறகு யாருக்குச் சிரிப்பு வரும்?

ஒரு கோடை ஞாயிறு, ஊருக்கு வெளியே ஆற்றங்கரையில் இறைச்சி சுடப் போயிருந்தோம். அங்கே ஒரு தொங்குபாலம். யாழ்ப்பாணத்தில் விக்டோரியா மகாராணியின் ஆட்சி நடந்த காலத்தில் இங்கே கட்டியது. சங்கிலிகள் துருவேறி, பலகைகள் உக்கி, இடையிடையே தண்ணீர் தெரிந்தது. வேலி போட்டு மூடியிருந்தார்கள். தவம் அண்ணை அதைக் கண்டதும் கதிரையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய் இருந்தார். பாலத்துக்கு முதுகைக் காட்டியபடிதான் சாப்பிட்டார்.

அபிக்கு அப்போது ஆறு வயது. பந்துக்குப் பின்னால் ஓடியவள் வேலி ஓட்டைக்குள்ளால் நுழைந்து பாலத்தின் நடுவுக்கே போய்விட்டாள். அவளுக்கு முன்னால் ஒரு பலகை முறிந்து ஆற்றில் விழுந்தது. பிள்ளை கம்பியைக் கட்டிப்பிடித்தபடி விறைத்துப் போனாள். “பயப்பிடாத அபி! வா!” என்று கத்தினேன். அவள் அசையவில்லை. நான் ஒரு காலை வைத்ததும் பாலம் முழுவதும் முனகியது. என் பாரத்தை அது தாங்காது. அப்படியொரு பயத்தை நான் ஊரில் ஷெல்லடிக்குள்ளும் அறிந்ததில்லை.

எங்களில் மெலிந்தவர் தவம் அண்ணைதான். என்னைப் பின்னால் இழுத்துவிட்டு அவர் தவழத் தொடங்கினார். ஐயோ, என்ன சத்தம்! முருகனிலிருந்து அம்மாளாச்சி வரை ஒருவரையும் விடவில்லை. பாதி வழியில் நின்று வாய்விட்டு அழுதார். “அபி, மாமாவுக்குச் சரியான பயமாக் கிடக்கு. இனி ஏலாது. ஒருக்கா வந்து என்ர கையைப் பிடிக்கிறியே, குஞ்சு?”

அபி அவரைப் பார்த்தாள். கம்பியை விட்டாள். குந்தியிருந்து, அரக்கி அரக்கி அவரிடம் வந்து கையைப் பிடித்தாள். “வாங்கோ மாமா, நான் இருக்கிறன்,” என்று சொல்லிச் சொல்லி அவரைக் கரைக்குக் கூட்டிவந்தாள்.

“நல்ல தந்திரம் அண்ணை,” என்றேன் பிறகு.

“தந்திரமோ? உனக்கென்ன விசரே? நான் உண்மையாத்தான் கேட்டனான்!” தேத்தண்ணி முழுவதும் அவருடைய சேர்ட்டில் ஊற்றுப்பட்டது.

போன கிழமை மருத்துவமனையில் நான் அவரிடம், “ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ,” என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு அபியிடம், “பயமாக் கிடக்கு பிள்ளை,” என்றார். அவள் கட்டிலில் ஏறி இருந்து கையைப் பிடித்தாள். “நான் இருக்கிறன் மாமா.” என்னால் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. வெளியே போய்விட்டேன்.

நாளை அவரை வழியனுப்ப நீங்கள் எல்லோரும் வருவீர்கள். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது எதுவென்று அங்கே என்னால் சொல்ல முடியுமோ தெரியாது. அதனால் இங்கே எழுதுகிறேன். நேற்று அபி வந்திருந்தாள். என் நுரையீரல் படத்தை அவள் முன்னால் வைத்தேன்.

“பிள்ளை,” என்றேன், “எனக்குப் பயமாக் கிடக்கு.”

அவள் கையை நீட்டினாள்.