மணல்மேட்டில் நின்று சொன்னது

நேற்றுப் பரமக்குடியில் என் கைப்பேசி அலறிப் புயல் எச்சரிக்கை சொன்னபோது எனக்குக் கருவாட்டு வாசனை அடித்தது.

நான் சிறுவனாக இருந்தபோது தனுஷ்கோடியில் அய்யாவுக்குத் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றும் வேலை. தார் பூசிய அந்த மூங்கில் கூண்டு கம்பத்தில் ஏறினாலும், மணல்மேட்டுக்கு அப்பால் இருந்த மீனவர் குடிசைகளுக்குத் தெரியாது என்பதால், நான்தான் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும். கருவாடும் ஈர வலையும் காயும் அந்த மணலில் நான் கால் வைத்ததே இல்லை. வைத்தால் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை, எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது. மேட்டிலேயே நின்று கத்துவேன். என் வயதுக்காரி ரோசம்மா கீழிருந்து சிரிப்பாள்: "ஏலே தொரை, கிட்ட வந்தா மீனு கடிச்சிருமோ?"

கடைசிக் கூண்டு ஏறிய மாலையில் காற்று என் முகத்துக்கு நேரே வீசியது. நான் கத்தியது என் காதுக்கே கேட்கவில்லை. ரோசம்மா ஒரு கையைக் காதில் வைத்து, மறுகையால் வா வா என்று அழைத்தாள். நான் திரும்பிவிட்டேன்.

"எல்லாருக்கும் சொல்லிட்டியாலே?" என்று அய்யா கேட்டார்.

"சொல்லிட்டேன் அய்யா."

துறைமுகக் கட்டடத்து மாடியில் நாங்கள் பிழைத்தோம். விடிந்தபோது மேடும் இல்லை, குடிசைகளும் இல்லை.

"புள்ளைய அனுப்பிச் சொல்லியும் நகரலையே, திமிரு பிடிச்ச சனம்" என்று அய்யா சாகும்வரை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நான் தலையாட்டினேன்.