அப்பாவின் அளவுக்குச்சி

ரங்கூனில் சித்திரை பிறக்கும்போது திஞ்சான் வரும். ஊரே தெருவில் இறங்கி ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றும். போன வருஷத்துப் பாவமெல்லாம் அதோடு கழுவிக்கொண்டு போய்விடும் என்பது பர்மாக்காரர் நம்பிக்கை. அன்றைக்கு எங்கள் வீட்டுக் கதவு மட்டும் சாத்தியிருக்கும். எல்லாம் அப்பாவின் கைங்கரியம்.

அம்மா இல்லாத வீடு, அப்பாவும் நானும்தான். அப்பாவுக்கு ஆற்றுக்கு அக்கரையில் டாலா கப்பல்பட்டறையில் வேலை. கப்பல் தொட்டிக்குள் குச்சி விட்டு, தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் புத்தியை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். கோடையில் தெருக்குழாய் விடிகாலையில் கொஞ்ச நேரம்தான் வரும். பிடித்ததையெல்லாம் த்வாண்டே ஊரில் செய்த பெரிய மண்ஜாடியில் ஊற்றி, மூங்கில் குச்சியை விட்டு, நனைந்த மட்டத்தில் கத்தியால் ஒரு கீறு போட்டுவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவார். சாயங்காலம் வந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் குச்சி! குளிப்பதும் தகரத்தொட்டிக்குள் நின்றுதான். அந்தத் தண்ணீரில் துணி அலசி, அதிலேயே படிக்கட்டையும் கழுவுவோம்.

அப்போது எனக்குப் பதினாறு வயது. வைகாசியில் கல்யாணம், கையோடு கப்பல். மாப்பிள்ளை ஊர் ராமநாதபுரத்துப் பக்கம். குடிக்கிற தண்ணீருக்கே இரண்டு மைல் நடக்க வேண்டுமாம். இதை விட்டால் எனக்குத் திஞ்சானே கிடையாது. அழுதேன், சாப்பிடாமல் கிடந்தேன், கடைசியில் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.

"சரி புள்ளே," என்றார் அப்பா. "நீ குளிக்கிற தண்ணி ஒரு குடம் இருக்குல்ல, அதை என்ன வேணா பண்ணிக்க. ஜாடியில ஒரு விரக்கடை இறங்கியிருந்துச்சு, அப்புறம் பாரு!"

ஒரு குடத்தை வைத்துக்கொண்டு தெருவையே எப்படி நனைப்பது? ஆனால் நான் யார் பெண்! திஞ்சானன்று அவர் வேலைக்குப் போனதும் தகரத்தொட்டியை வாசலுக்கு இழுத்துவந்தேன். "நனையறவங்க எல்லாம் தொட்டிக்குள்ள வந்து நில்லுங்க!" ஒருவர் தலையில் ஊற்றினால் தண்ணீர் தொட்டியிலேயே விழும். அதை மொண்டு அடுத்தவர் தலையில் ஊற்றுவேன். ஒரு சொட்டு வெளியே போகாது. சனங்களுக்குப் புது வேடிக்கை. வரிசை கட்டிக்கொண்டு வந்து, தொட்டிக்குள் நின்றபடியே ஆடினார்கள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது.

எதிர்வீட்டு அக்கா பர்மாக்காரர். தஞ்சாவூர்க்காரரைக் கட்டியவர், நம்மைப் போலவே தமிழ் பேசுவார். கொண்டையில் பூ வைத்துக்கொண்டு தொட்டிக்குள் வந்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். இரண்டு செம்பு ஊற்றினேன். சட்டென்று கண்ணைத் திறந்தார்.

"தமீ, எனக்கு முன்னாடி நின்னது யாரு?" அவர் என்னை மகளே என்றுதான் கூப்பிடுவார்.

"படகு ஓட்டற சம்பான்காரர்க்கா."

"அமலே, ஐயையோ! வருஷம் பூரா குடிச்சான், சீட்டாடினான், எங்க வீட்டுக் கோழியத் திருடினான். அந்தப் பாவத்தையெல்லாம் என் தலையிலயா ஊத்தினே?"

அவ்வளவுதான், வரிசை கலைந்தது. ஒவ்வொருவரும் தமக்கு முன்னால் நனைந்தவர் யார் என்று தேடிப்பிடித்து முறைத்தார்கள். நல்ல தண்ணீர் ஊற்று, நல்ல தண்ணீர் ஊற்று என்று ஒரே கூச்சல். நல்ல தண்ணீர் ஜாடியில் இருந்தது. ஜாடிமேல் குச்சியும் இருந்தது. வாசற்படியை மறித்து நின்றுகொண்டேன். வெட்கம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். என் திஞ்சான் இப்படியா முடிய வேண்டும்?

அன்று பட்டறையில் அரைநாள்தான் வேலை. படகுத்துறையில் யாரோ நனைத்துவிட்ட சட்டையோடு அப்பா வந்து நின்றார். தெருவே ஒதுங்கி வழிவிட்டது. அக்கா மட்டும் விடவில்லை. "அண்ணே, உங்க பொண்ணு பண்ணின காரியத்தைப் பாருங்க!" என்று சம்பான்காரரிலிருந்து கோழிவரை எல்லாவற்றையும் சொன்னார்.

அப்பா சிரித்தார். அவர் அப்படிக் குலுங்கிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. உள்ளே போய்க் குச்சியை எடுத்து முழங்காலில் வைத்து ஒடித்தார். ஜாடியிலிருந்து ஒரு செம்பு மொண்டுவந்து அக்காவின் கையில் கொடுத்தார். அடுத்த செம்பு என் தலையில் விழுந்தது. ஐயோ, என்ன குளிர்ச்சி!

"அப்பா, ஜாடி காலியாயிரும்!"

"நீ போனப்புறம் எனக்கு ஒருத்தனுக்கு எவ்வளவு தண்ணி வேணும்?"

நான் பழக்கத்தில் தொட்டிக்குள் ஏறி நின்றேன்.

"இறங்கு புள்ளே," என்று கையைப் பிடித்து இழுத்தார். "தெருவுல நில்லு."