ரெண்டும் மூணும் மாத்திப் போட்ட கேபிள்

அரை மணி நேரமாக ரெண்டு திரையிலும் ‘காத்திருக்கிறேன்’ என்று இங்கிலீஷில் ஒரே வரி. பழைய கம்ப்யூட்டர் ரெண்டைக் கேபிளில் சேர்க்கிற தொழிலில் முக்கால்வாசி வேலை இதுதான். இந்தப் பொழைப்பில் மாட்டிக்கிட்ட மத்தவங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒரே கம்பியில் ரெண்டு பேர்

மேலூருக்கு வெளியே சேகர் அண்ணனின் கல்வெட்டுப் பட்டறை. கிரானைட்டில் எழுத்து வெட்டுகிற மிஷினை ஓட்டுவது ஒரு பழங்காலக் கம்ப்யூட்டர். அதன் ஹார்ட் டிஸ்க் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்துவிட்டது. உள்ளே இருக்கிற எழுத்தெல்லாம் அவர் தம்பி வரைந்தது. தம்பி சண்டை போட்டுக்கொண்டு திருப்பூர் போய் மூன்று வருஷம். டிஸ்க் செத்தால் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான். சேகர் அண்ணன் அதே காலத்துக் கம்ப்யூட்டர் இன்னொன்றைத் தேடி வாங்கி வைத்திருந்தார். பென்டிரைவ் சொருக ரெண்டிலும் இடமில்லை. ரெண்டையும் இணைக்கிற சீரியல் கேபிள்தான் வழி.

நான் எடுத்துப் போனது நேர் கேபிள். தப்பு என்னுது. அதில் ரெண்டு கம்ப்யூட்டரும் ஒரே கம்பியில் பேசும். கேட்கிற கம்பியில் ஒன்றும் வராது. ரெண்டாம் கம்பியையும் மூணாம் கம்பியையும் மாத்திப் போட்டால்தான் ஒன்று பேசுவது இன்னொன்றுக்குக் கேட்கும். இதைச் சேகர் அண்ணனிடம் சொன்னேன்.

“எங்க வீட்லயும் அதான் தம்பி. எல்லாரும் பேசுறோம், கேக்கத்தான் ஆள் இல்ல.”

கார்த்தி

கேபிளை வெட்டி, கம்பியை மாத்தி முறுக்கி, டேப் ஒட்டினேன். ஓடியது. முறுக்கின இடம் அசைந்தால் நின்றுவிடும் என்பதால் அதைப் பிடித்துக்கொண்டே உட்கார வேண்டும். சேகர் அண்ணன் கல் ஏற்றப் போய்விட்டார். மதியச் சாப்பாடு ஒத்தைக் கையால்.

கார்த்திக்குப் போன் போட்டேன். பத்தாவது வரை ஒரே பெஞ்ச். நான் அதோடு நின்றுவிட்டேன், அவன் இப்போது காலேஜ். நின்றதில் எனக்கு வருத்தமில்லை, படிப்பு பிடிக்கவில்லை, அம்புட்டுத்தான். ஆனால் பெஞ்சில் பக்கத்தில் ஒருத்தன் இருந்தான். இந்த வேலையில் பக்கத்து ஸ்டூல் எப்போதும் காலி.

“மாப்ள, பசங்களோட இருக்கேன்டா. அப்புறம் கூப்புடுறேன்.”

பாஸ்வேர்டு

நாலு மணிக்குக் கடைசி எழுத்தும் வந்து சேர்ந்தது. கொஞ்ச நேரத்தில் பழைய டிஸ்க் நின்றேவிட்டது. வாங்கி வைத்த கம்ப்யூட்டரில், கூடவே வந்த எழுத்து வெட்டுகிற புரோகிராமைத் திறந்தால், பழையதில் கேட்காத பாஸ்வேர்டைக் கேட்கிறது. வைத்தவர் தம்பி. அது இல்லாவிட்டால் வந்து சேர்ந்த எழுத்து ஒன்றைக்கூட வெட்ட முடியாது. எங்கள் கடை ஓனர் ரஹீம் பாயைக் கேட்டதற்கு, “வச்சவன்கிட்டக் கேளுடா” என்று போனை வைத்துவிட்டார்.

சேகர் அண்ணன் தம்பி நம்பரைப் போனைப் பார்க்காமலே சொன்னார். மூன்று வருஷமாகக் கூப்பிடாத நம்பர்.

“நீயாக் கூப்புடுற மாதிரி பேசு. நான் சொன்னேன்னு சொல்லிராத.”

ரெண்டு சதவீதம்

எனக்குச் சுத்தி வளைக்க வராது. “அண்ணே, உங்க அண்ணன்தான் கூப்பிடச் சொன்னாரு. டிஸ்க் செத்துருச்சு, பாஸ்வேர்டு வேணும்” என்றேன். அந்தப் பக்கம் தம்பி குரல் ஏறியது. “இம்புட்டுத் திமிரா அவனுக்கு? வாய் இருக்குல்ல, அவனையே பேசச் சொல்லு.”

போனை நீட்டினேன். சேகர் அண்ணன் என்னை முறைத்துக்கொண்டே வாங்கி, கல் அடுக்குக்குப் பின்னால் போனார். முதலில் கத்தல். அப்புறம் முனகல். அப்புறம் சிரிப்பு மாதிரி ஏதோ. நான் ரெண்டு மிஷினுக்கு நடுவில் ஒரு மணி நேரம். இந்நேரம் கார்த்தி கூப்பிட்டால் பிஸி என்று வருமே என்று வேறு கவலை.

போன் ரெண்டு சதவீத சார்ஜோடு திரும்பி வந்தது. மிஸ்டு கால் எதுவும் இல்லை. “பாஸ்வேர்டு என்னண்ணே?” என்று கேட்டேன்.

“அய்யய்யோ, அதைக் கேக்க மறந்துட்டேன் தம்பி!”

மறுபடி கூப்பிட்டார், இந்தத் தடவை தன் போனில், பாஸ்வேர்டையும் வாங்கினார். அன்றைக்கு அவர் சொன்ன வேலையெல்லாம் செய்தேன். நானாகக் கூப்பிடுகிற மாதிரி பேசச் சொன்னார், அதை மட்டும் செய்யவில்லை.